நூற்றுக்கு எத்தனை?

வடசென்னையில் ஒரு மனநலப் பிரிவில் எனக்கு வேலை. டிஇஎஸ் என்ற கேள்வித்தாளை அடிக்கடி எடுக்க வேண்டிவரும். நினைவும் தன்னுணர்வும் அவ்வப்போது அறுந்துபோகும் அனுபவங்களை அளக்க பெர்ன்ஸ்டைனும் (பின்னாளில் கார்ல்சன்) புட்னமும் 1986-இல் வெளியிட்டது. மொத்தம் 28 கேள்விகள். ஒவ்வொன்றிலும் சொல்லப்படும் அனுபவம் தனக்கு எவ்வளவு நேரம் நடக்கிறது என்று 0 முதல் 100 சதவீதத்துக்குள் சொல்ல வேண்டும். குடிபோதையில் நடந்ததைச் சேர்க்கக் கூடாது. (சிலரிடம் இந்த நிபந்தனையைப் பேசி முடிக்கவே பாதி நேரம் போய்விடும்.)

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பயணத்தில் வழியில் நடந்தது எதுவும் நினைவில்லாமல் போகுமா என்றதும், "எம்பது போட்டுக்கோ" என்றார். விடிவதற்கு முன்பே ஏலத்துக்குப் போகிறவர், திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் தூங்காமல் என்ன செய்வார்?

அப்புறம் அவரே கேட்டார்: "ஆடி மாசம் எம்மேல சாமி வரும். அப்போ இன்னா நடந்துச்சுன்னு எனக்கு எப்டி மேடம் தெரியும்? பக்கத்துல இருந்தவங்களத்தான் கேக்கணும்."

சாமி வருவது அவர் தெருவே ஏற்றுக்கொண்ட வழிபாடு. அதை நான் நோய்க் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் கேள்வி சரியானது. மறந்துபோனதை மறந்தவரிடமே கேட்டால் என்ன கிடைக்கும்? கேள்வித்தாளும் இதை யோசித்திருக்கிறது. மறதியை நேராகக் கேட்பதைவிட, அது விட்டுப்போன தடயத்தைக் கேட்கிறது: போட்டுக்கொண்ட நினைவே இல்லாத உடை உடம்பில் இருந்ததா, வாங்கியதாக ஞாபகமில்லாத பொருள் பையில் கிடந்ததா?

எனக்கு ஒத்துவராதது சராசரிதான். 28 பதில்களையும் கூட்டி வகுப்பார்கள். 30-க்கு மேல் போனால் விரிவாக விசாரிப்பது வழக்கம். ஒரு கல்லூரிப் பெண் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் 90 போட்டாள்: எப்படி வந்தோம் என்றே தெரியாமல் ஓர் இடத்தில் நிற்பது, அந்த உடை விஷயம். மற்றதெல்லாம் பூஜ்யம். சராசரி ஏழுகூட வரவில்லை. டிவியில் மூழ்கிப்போவது, பகல்கனவு காண்பது என்று எல்லோருக்கும் நடப்பதற்கு அள்ளிப் போடுகிறவர்கள் அவளைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள்.

அவள் கோப்பில் சராசரிக்குப் பதிலாக அந்த இரண்டு கேள்விகளின் எண்களை எழுதினேன். வலிப்பிலும் இப்படி நேரம் தொலையும் என்பதால், முதலில் நரம்பியல் பிரிவுக்கு, மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி எடுக்க அனுப்பினேன். அடுத்த முறை வரும்போது கூடவே இருக்கும் அக்காவையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.