இனிப்புக்கும் ஸ்தோத்திரம்

தூத்துக்குடியில் பேக்கரி வேலை என்றால் மக்ரூன் போடத் தெரிந்திருக்க வேண்டும். முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, அவ்வளவுதான் சரக்கு. மைதாவும் வெண்ணெயும் இல்லாததால் கைப்பிசகை மறைக்க அதில் இடமே கிடையாது. வெள்ளைக்கருவில் ஒரு சொட்டு மஞ்சள்கரு கலந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தாலும் நுரை எழும்பாது. பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பக்குவத்துக்கு நுரை வந்த பிறகு, முந்திரித்தூளை அது அமுங்காமல் கலக்க வேண்டும். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, கலவையை நிரப்பி, தட்டில் சின்னச் சின்னக் கோபுரங்களாகப் பிழிவோம். அப்புறம் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காகக் காய வேண்டும். அவசரப்பட்டால் வெளியே சிவந்துவிடும், உள்ளே சவசவவென்று இருக்கும்.

நான் பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் நகை, பூ, சினிமா எதுவும் கிடையாது. அம்மா அந்த வாழ்க்கையை இன்றைக்கும் வைராக்கியமாக வாழ்கிறார். அவர் கையில் வளையல் இல்லாததை நான் ஒருநாளும் குறைவாக எண்ணியதில்லை. ஆனால் பேக்கரிக்கு வந்த புதிதில் மனதை ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. நர்ஸ் வேலை பார்ப்பவரும் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவரும் தங்கள் வேலையை ஊழியம் என்று சொல்லிக்கொள்ளலாம். வயிற்றை நிரப்பாத, நாக்குக்கு மட்டுமே ஆன ஒரு பண்டத்தைச் செய்து விற்கிறவன் தேவனுடைய சமுகத்தில் என்னவென்று சொல்லி நிற்பது?

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் கத்தோலிக்கர். ஈஸ்டருக்கு முந்தின தவசுக்காலம் நாற்பது நாளும் அவர் இனிப்பை வாயில் வைக்க மாட்டார். மக்ரூன் மட்டும் தினமும் போட்டாக வேண்டும். பதம் எப்படிப் பார்ப்பார்? ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து உடைப்பார். ‘படக்’ என்று சத்தம் வந்தால் காய்ந்திருக்கிறது. சத்தம் மந்தமாக இருந்தால், “இன்னும் ஈரம் இருக்குடே, உள்ள தள்ளு” என்பார். ஈஸ்டர் காலையில் திருப்பலி முடிந்து நேரே கடைக்கு வந்து, ஒரே ஒரு மக்ரூனை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டு மெல்ல மெல்லக் கரையவிட்டுத் தின்பார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம். உபவாசம் இருக்கத் தெரிந்த மனுஷனுக்குத்தான் விருந்தும் முழுதாக வாய்க்கிறது என்று எனக்குப் பட்டது. இனிப்பின்மேல் அவருக்கு வெறுப்பு இருந்திருந்தால் அந்த நாற்பது நாள் அவருக்கு ஒரு காணிக்கையாகவே இருந்திருக்காது.

அதற்குப் பிறகு வேதத்தை வேறு கண்ணோடு வாசிக்க ஆரம்பித்தேன். தேவனுக்கென்று பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் தசமபாகத்தைப் பற்றி எங்கள் சபையில் கேட்காத பிரசங்கம் இல்லை. உபாகமம் 14ஆம் அதிகாரத்தைப் பிரித்தால், வழி தூரமாக இருந்தால் அதைப் பணமாக்கிக் கொண்டுபோய், மனதுக்குப் பிடித்ததை வாங்கி, குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படு என்று இருக்கிறது. தொடர்ந்து ஆலயப் பணி செய்யும் லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை எல்லாரும் அந்தப் பேச்சுக்குள் வந்துவிடுகிறார்கள். இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கலியாணத்தில் ஆறு கற்சாடி. இன்றைய அளவில் 500 லிட்டருக்கு மேல் வரும் என்கிறார்கள். நான் குடிக்கிறவன் இல்லை, குடி குடும்பங்களை என்ன பாடுபடுத்துகிறது என்று இந்த ஊரில் கண்ணாரப் பார்த்தவன். ஆனாலும் ஆண்டவர் செய்த முதல் அற்புதம் ஒரு கலியாண வீட்டின் சந்தோஷம் குறையாமல் இருக்கத்தான் நடந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைமீறிப் பாய்ந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான ஜனம் மாட்டிக்கொண்டது. எங்கள் கடைக்குள்ளும் தண்ணீர் வந்து, அடுக்கின கீழ்வரிசைச் சீனி மூட்டைகள் கரைந்தே போயின. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இந்த வருஷம் கொண்டாட்டம் வேண்டாம், நிவாரணத்துக்குக் கொடுங்கள் என்று சபைகளில் சொன்னார்கள். சரியான வார்த்தை, நாங்களும் கொடுத்தோம்.

பண்டிகைக்கு முந்தின நாள் முத்தம்மாள் காலனியிலிருந்து ஒரு அக்கா கடைக்கு வந்தார். சேலைக் கரையெல்லாம் சேறு. வீட்டில் இன்னும் தண்ணீர் வடியவில்லை, பிள்ளைகளோடு முகாமில் இருக்கிறார். கடை முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டார்.

“அண்ணாச்சி, மக்ரூன் கால் கிலோ இருக்கா?”

“அரிசி, பருப்பு ஏதும் வேணும்னா சொல்லும்மா, ஏற்பாடு பண்ணுதேன்.”

“அரிசி குடுக்காக அண்ணாச்சி. சோத்துக்குக் குறையில்ல. நாளைக்கு ஏசு பொறந்த நாளுல்லா, பிள்ளைக வாயில இனிப்பா ஒண்ணு வைக்கணும்.”

கரண்ட் இல்லை, மிஷின் ஓடாது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். விறகு அடுப்பை மூட்டி, கையாலேயே நுரை அடித்தோம். காற்றில் இருந்த ஈரத்துக்கு மக்ரூன் காயவே மறுத்தது. விடியும்வரை அடுப்பிலேயே கிடந்தது. காலையில் அந்த அக்காவுக்குக் கால் கிலோவும், முகாமில் இருந்த மற்ற பிள்ளைகளுக்கு ஒரு டின்னும் கொடுத்தனுப்பினார் அண்ணாச்சி. நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் அழுதுகொண்டிருந்த ஜனத்தைப் பார்த்து, போய் ருசியாகச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்று சொல்லப்படுகிறது. அதுவரை அதை வாசித்திருக்கிறேன். அன்றைக்கு அதன்படி ஒரு டின்னைக் கட்டினேன்.

கஷ்டம் தீர்ந்த பிறகுதான் சந்தோஷம் என்று சிலர் பேசும்போது எனக்கு ஒப்பவில்லை. ஏழைக்குச் சோறு போதும், ருசி எதற்கு என்ற எண்ணம் அந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கிறது. அது சுவிசேஷத்திலிருந்து வருவது அல்ல. முந்திரி விலைக்கு நல்ல மக்ரூன் எல்லார் கைக்கும் எட்டாது என்பது உண்மை. அது என்னை உறுத்தும் விஷயம். அதனால்தான் உடைசலைத் தூளோடு சேர்க்காமல் தனியாகச் சலித்து எடுத்து, குறைந்த விலைக்குப் பாக்கெட் போடுகிறேன். உப்பளத்து வேலை முடிந்து வருகிற பெண்கள் அதை விரும்பி வாங்குவார்கள். உடைந்திருந்தாலும் ருசி அதேதான்.

இப்போது நுரை அடிக்கத் தொடங்கும் முன் ஒரு நிமிஷம் ஸ்தோத்திரம் சொல்கிறேன். வருகிற தவசுக்காலத்தில் மாஸ்டரைப் போல நானும் இனிப்பை நிறுத்தலாம் என்றிருக்கிறேன். எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை. அம்மா காரணம் கேட்பார். ஈஸ்டர் அன்றைக்கு ஒரு மக்ரூனை ஆற அமரத் தின்பதற்காக என்றே சொல்வேன்.