உதட்டைப் பார்த்துக் கேட்டல்: கொக்குவில் நாட்குறிப்பு

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

மகள் உயர்தரச் சோதனை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாள். காது மந்தமான எனக்காக உதட்டு வாசிப்பு, அதாவது உதட்டைப் பார்த்தே பேச்சை விளங்கிக்கொள்ளுதல், பழகும் மென்பொருள் தேடுகிறாள். அகப்பட்டது எல்லாம் ஆங்கிலம். 2016இல் ஒக்ஸ்போர்ட்டில் லிப்நெட் என்று ஒன்று செய்திருக்கிறார்கள். கணினியே உதட்டைப் பார்த்து வசனத்தை எழுதிவிடும். அதைப் பழக்கிய காணொளித் தொகுப்பு 34 பேரைக் கொண்டது. ஆளுக்கு 1000 வசனம், எல்லாம் ஒரே அச்சில் ஆறு ஆங்கிலச் சொற்கள். பெரிய வேலைதான். ஆனால் கணினி வாசித்து எனக்கு என்ன? நான் வாசிக்கவேண்டும். அதுவும் மாமி குசினிக்குள் நின்று கதைக்கிற தமிழை.

"அப்ப நாங்களே செய்வம் அம்மா. நான் கதைக்கிறதைப் போன்ல எடுப்பம். நீங்கள் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பாருங்கோ."

பெப்ரவரி 5, புதன்

மடிக்கணினியில் விஎல்சி பிளேயர். எம் விசையைத் தட்டினால் சத்தம் நின்றுவிடும். ஒரு துண்டைத் தொடக்கமும் முடிவும் குறித்துத் திரும்பத் திரும்ப ஓடவிடலாம், வேகத்தையும் குறைக்கலாம். காசு கொடுக்கத் தேவையில்லை.

முதல் சொல்லாக மகள் 'அம்மா' சொன்னாள். அடுத்தது 'அப்பா'. இரண்டும் ஒன்றேதான்! வாய் திறந்து, உதடு ஒட்டி, கொஞ்சம் நின்று, பிறகும் திறக்கிறது. எத்தனை மெதுவாக ஓடவிட்டாலும் வித்தியாசம் இல்லை. பாலை, மாலை அப்படித்தான். படம், மடம், பணம், மணம், மனம் ஐந்தும் என் கண்ணுக்கு ஒரே சொல்.

தொல்காப்பியர் பிறப்பியலில் இதை எப்போதோ எழுதிவைத்துவிட்டார். 'இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்'. 'பல் இதழ் இயைய வகாரம் பிறக்கும்'. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் இதழ் குவியும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணிய சூத்திரங்கள் இப்போது எனக்குப் பாடத்திட்டம். அவர் இதழைச் சொன்ன எழுத்துகளைக் கண் பிடிக்கும். நாக்கையும் அண்ணத்தையும் சொன்னவற்றில் பாதி, வாய்க்குள்ளே மறைந்துபோகும். 'க' சுத்தமாகத் தெரியவில்லை. 'அக்கா' என்றால் திறந்த வாய் மட்டும்தான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பதினொரு மணியளவில் நாடு முழுக்கக் கரண்ட் நின்றது. கணினியை மூடிவிட்டு நேரேயே பழகினோம். மாமி யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தா. முகம் முழுக்க இருட்டு, ஒன்றும் பிடிபடவில்லை. கதிரைகளை மாற்றிப் போட்டோம். வெளிச்சம் எனக்குப் பின்னாலிருந்து அவவின் முகத்தில் விழ, உதடு தெளிந்தது. மூன்றடியிலிருந்து ஆறடிவரை நல்ல தூரம். மாமி உதவி செய்கிறேன் என்று கத்திக் கதைத்தா, வாய் கோணிப் போனது. "சாதாரணமாச் சொல்லுங்கோ மாமி" என்று கேட்டதும் விளங்கியது.

பெப்ரவரி 15, சனி

இன்று எழுதுவதைக் காது மந்தமான எல்லாரும் வாசிக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

எனக்கு நரம்பில் வந்த குறை. உயர்ந்த சுருதி ஒலிகள் போய்விட்டன, தாழ்ந்தவை மிச்சம். காது மிஷின் போட்டால் சத்தம் வருகிறது, சொல் வருவதில்லை. இவ்வளவு நாளும் மிஷினைக் கழற்றிவிட்டுக் கண்ணை மட்டும் பழக்கினோம். இன்று மிஷினையும் போட்டு, திரையையும் பார்த்தேன். 'அம்மா', 'அப்பா' உடனே பிரிந்தன. 'ம'வின் மூக்கொலி தாழ்ந்த ஒலி. அது என் காதுக்கு எட்டுகிறது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இப்போது 'அம்மா'வா 'அண்ணா'வா என்று தெரியவில்லை, மூக்கொலி வந்தது மட்டும் தெரிந்தது. கண்ணைத் திறந்தால் உதடு ஒட்டுவது தெரிகிறது, சந்தேகம் தீர்ந்தது.

அதாவது மூக்கொலியா இல்லையா என்று காது சொல்கிறது. வாயில் எந்த இடத்தில் பிறந்தது என்று கண் சொல்கிறது. என் காது எதை இழந்ததோ அதில் பெரும்பங்கு உதட்டில் இருக்கிறது. உதட்டில் இல்லாததில் கொஞ்சம் என் காதில் மிஞ்சியிருக்கிறது. மிஷின் சரிவரவில்லை என்று அலுமாரிக்குள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைப் போட்டுக்கொண்டு முகத்தைப் பாருங்கள்.

நல்ல காது உள்ளவர்களும் கண்ணால் கேட்கிறார்கள். 1976இல் மக்கர்க், மெக்டொனால்ட் என்ற இருவர் காட்டியது: 'பா' என்ற சத்தத்தை 'கா' சொல்லும் வாயோடு சேர்த்துப் போட்டால் பலருக்கும் 'டா' என்று கேட்கும் (ஆங்கிலத்தில் எழுதினால் சத்தம் ba, வாய் ga, கேட்பது da). மகள் யூடியூபில் போட்டுப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

மார்ச் 2, ஞாயிறு

பதிந்த காணொளித் துண்டுகளை அங்கி (Anki) என்ற மனப்பாட அட்டை மென்பொருளில் ஏற்றியாகிவிட்டது. அட்டையின் முன்பக்கம் சத்தமில்லாத காணொளி, பின்பக்கம் வசனம். பிடிபடாதது அன்றே திரும்ப வரும். பிடிபட்டது நாள் தள்ளி வரும். ஒரு வசனத்துக்கு ஒரே காணொளி போதாது. இரண்டாம் முறை மகளின் பச்சைச் சட்டையைக் கண்டதுமே 'சாப்பிட்டீங்களோ' என்று மனம் சொல்லிவிடும், உதட்டைப் பார்க்கவே மாட்டோம். ஆகவே ஒரே வசனத்தை மகள், மாமி, பக்கத்து வீட்டு மச்சாள், மீசையுள்ள என் தம்பி எல்லாரும் சொல்லுகிறார்கள். மாமி வெற்றிலை போட்டபடி சொன்னதையும் விடவில்லை. அவ அப்படித்தானே கதைப்பா.

ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சியை வாட்ஸ்அப்பில் பதிந்தது சரிவரவில்லை. 'ப'வுக்கு உதடு ஒட்டியிருப்பது செக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவு. செக்கனுக்கு 30 படம் எடுத்தால் அதற்கு மூன்று படம் கிடைக்கும், 60 எடுத்தால் ஆறு. அழைப்பில் இணைப்பு மெலிந்து படம் துள்ளும்போது அந்த மூன்றும் காணாமல் போய், ஒட்டிய உதடு ஒட்டாததுபோல் தெரிகிறது. அவளையே போனில் பதிந்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள், அதில் எல்லாம் தெளிவு.

மெதுவாக ஓடவிடுவதை இப்போது குறைத்துவிட்டேன். மனிதர் அரை வேகத்தில் கதைப்பதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை. வசனம் என்றால் முன்பின் சொற்கள் கைகொடுக்கும். காலையில் 'பாலைக் காய்ச்சு' என்பதை யாரும் 'மாலையை' என்று எடுக்கமாட்டார்கள். விலைக்கு அப்படித் துணை கிடையாது. நூறு என்றால் வாய் குவிந்தபடியே தொடங்கும், முன்னூறு என்றால் முதலில் உதடு ஒட்டும். அது நல்லாய்ப் பிடிபடுகிறது. ஐம்பதும் எண்பதும் இன்னும் குழப்பம்.

முருங்கைக்காய்க்காரர் விலை சொல்லிவிட்டுப் பையைப் பார்க்கத் திரும்பினார். முன்பெல்லாம் 'என்ன?' என்பேன், அவர் முழுவதையும் வேகமாகத் திருப்பிச் சொல்லுவார். இன்று, "கிலோ முன்னூற்றி ஐம்பதோ எண்பதோ அண்ணை?" என்றேன்.

"எண்பது அக்கா" என்றார், முகத்தை நிமிர்த்தி.

தெரிந்ததைச் சொல்லித் தெரியாததை மட்டும் கேட்டால் ஆட்கள் எரிச்சல்படுவதில்லை.

இந்தக் கிழமை மகள் எண்களுக்கென்று தனிக் கட்டு செய்கிறாள்: பத்திலிருந்து ஆயிரம்வரை, ஒழுங்கு மாற்றி. தம்பியையும் மச்சாளையும் சனிக்கிழமை பின்னேரம் வரச்சொல்லியிருக்கிறேன், யன்னல் வெளிச்சம் போகமுதல்.