கூட்டக் குறிப்பில் இடம்பெறாத வாக்கியம்

மனநலக் கொள்கை வரைவுக் குழுவின் மூன்றாவது கூட்டத்தில், நோயாளியைக் கட்டிலோடு கட்டிவைப்பது பற்றிய பத்தியை எடுத்துக்கொண்டபோது, மனநோயை அனுபவித்த உறுப்பினர் ஒருவர் அன்று முதன்முறையாகப் பேசினார். “மணிக்கட்டில் துணி இறுகிய வலி மறந்துவிட்டது. கட்டிய பிறகு யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை; அதுதான் மறக்கவில்லை,” என்றார். குழுவின் செயலராக நான் எழுதியது, “உறுப்பினர் ஒருவர் நோயாளியின் கண்ணியம் குறித்துக் கவலை தெரிவித்தார்” என்பது.

அடுத்த கூட்டம் தொடங்குமுன் அந்த வரியின்மேல் விரலை வைத்தபடி கேட்டார்: “சார், இது நான் சொன்னதா?”

“கருத்து அதுதானே மேடம்,” என்றேன். அவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு அமர்ந்தார்.

பல துறைகளின் சுற்றுக்குப் போகும் குறிப்பு அது. மனநோயின் அனுபவத்தோடு குழுவில் இருந்தவர் அவர் ஒருவரே என்பதால், பெயரை விட்டாலும் ஆளைத் தெரிந்துவிடும். அவருடைய அந்தரங்கத்தைக் காக்கவே பொதுச்சொல்லைப் போட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதில் பொய் இல்லை. ஆனால் அப்படிக் காக்க வேண்டுமா என்று அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே கூட்டத்தில் மருத்துவர் பேசியதை மட்டும், மருந்தின் அளவு உட்பட, வரி பிசகாமல் எழுதியிருக்கிறேன்.

நீண்டகால மனநலப் பாதிப்புள்ளோர் உட்பட மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களை நெருக்கமாகக் கலந்தாலோசித்து ஈடுபடுத்த வேண்டும் என்கிற, 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 4-ஆவது பிரிவை வரைவின் முன்னுரையில் சேர்த்தவனும் நான்தான். நாற்காலி போட்டதோடு ஈடுபடுத்தியாகிவிட்டது என நினைத்துவிட்டேன் போலும். ஒருவருடைய அனுபவத்தை மட்டும் வைத்துக் கொள்கை வகுக்க முடியாது என்றும், இரவுப் பணியில் தனியாக நிற்கும் செவிலியருக்கும் சொல்ல உண்டு என்றும் இன்றும் நம்புகிறேன். ஆனால் அவர் சொன்னதை நான் மனக்குமுறலாகவே கேட்டேன். அதில் ஒரு நடைமுறைக் குறை இருந்தது. கட்டப்பட்டவர் அருகில் ஒரு பணியாளர் அமர்ந்து, பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று அதிலிருந்து ஒரு விதியே எழுதியிருக்கலாம். அல்லது கட்டுவதே கூடாது என்பதுதான் அவர் கருத்தோ என்னவோ. அப்படியானால் இந்த விதியும் அவர் பேச்சை இன்னொரு முறை திரிப்பதாகவே ஆகும்.

“கடைசி வழியாக மட்டும்” என்ற சொற்களோடு அந்தப் பத்தி நிறைவேறியது. குறிப்பில் திருத்தம் உண்டா என்று தலைவர் கேட்டபோது, நான் அவர் இருந்த பக்கம் திரும்பவில்லை.