களப்போரத்தில் இருப்பதற்கு ஓர் இருக்கை

பெப்ரவரி 9, 2025

ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்று இயன்மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கமராவையும் நீள வில்லையையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து 2 கிலோ 900 கிராம். தண்ணீர்ப் போத்தல் ஒரு கிலோ. மீதி 1,100 கிராம். களப்போரத்தில் இருந்து பறவைகளைப் படமெடுப்பதற்கான இருக்கை அதற்குள் அடங்க வேண்டும்.

பெப்ரவரி 11

ஒன்ராறியோவிலிருந்து அத்தான் ஒரு மணித்தியாலம் பேசினார். நான் இருக்கை என்று தொடங்கியதுமே அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 25 இல் அங்கே காட்டு வான்கோழி வேட்டைக்காலம் தொடங்குகிறது. சூரிய உதயத்துக்கு அரை மணித்தியாலம் முன்பிருந்தே சுட அனுமதி உண்டு என்பதால், இருளோடு போய் ஒரு மரத்தடியில் அமர்ந்து, வெளிச்சம் வந்து பறவை வரும்வரை அசையாமல் இருக்க வேண்டும். தோள்களைவிட அகலமான அடிமரத்தில் முதுகைச் சாய்ப்பது உருவம் மறைவதற்காக மட்டுமன்று, பின்னாலிருந்து வேறொரு வேட்டைக்காரன் தவறுதலாகச் சுட்டுவிடாமல் இருப்பதற்காகவும்தான் என்று விளக்கினார். தரையிலிருந்து சுடுபவனுக்கு உயர்த்திய முழங்காலே துவக்கின் தாங்கி. ஆகவே இருக்கை தாழ்ந்திருக்க வேண்டும், ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று மேல் போதும் என்பது அவருடைய முடிவு. கமராவுக்கும் அது பொருந்தும். நீர்ப்பறவையை அதன் கண்மட்டத்திலிருந்து எடுத்த படத்துக்கும் மேலிருந்து குனிந்து எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவன் உயரமான இருக்கையை விரும்ப மாட்டான்.

ஆனால் என் நாரி, அந்தக் கீழ்முதுகு, விரும்புகிறதே.

பெப்ரவரி 14

தேங்காய் துருவும் திருவலையின் பலகையில் பத்து நிமிடம் இருந்து பார்த்தேன். உயரம் 16 சென்ரிமீற்றர். எழும்பும்போது கதவு நிலையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பெப்ரவரி 18

இயன்மருத்துவரிடம் நேரடியாகவே கேட்டேன். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் இடுப்பெலும்பு பின்னோக்கிச் சரியும், நாரியின் இயல்பான உள்வளைவு தட்டையாகும், முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைத்தட்டு பின்பக்கம் நரம்பை நோக்கித் தள்ளப்படும் என்று கையாலேயே செய்து காட்டினார். நிற்பதைவிடக் கூனி அமர்வதில் இடைத்தட்டின் மீது அழுத்தம் கூடுதல் என்பதையும் சொன்னார். என் முழங்காலிலிருந்து குதிகால்வரை 44 சென்ரிமீற்றர். அதற்கு மிக அருகில் வரும் இருக்கையே எனக்கு உகந்ததாம். அத்தானின் ஒரு சாணுக்கும் இவருடைய 44 க்கும் நடுவில் எங்கோ நான் இருக்க வேண்டும். முழங்காலை மடிக்காமல் கால்களை முன்னே நீட்டினால் 35 வரை இறங்கலாம் என்று இறுதியில் இசைந்தார். அந்த 35 ஐ உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன்.

பெப்ரவரி 23

படங்களாகப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. இரு தட்டுகளைப் பட்டியால் இணைத்த, சட்டமே இல்லாத இருக்கை அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும். ஆனால் அது தரையோடு தரை. மரத்தில் பட்டி கட்டித் தொங்கும் இருக்கைக்கு நேரான அடிமரம் தேவை. நான் போகும் உப்பாற்றங்கரையில் உள்ளதெல்லாம் சேற்றில் வளரும் கண்டல், அதன் மிண்டுவேர்களில் எதைக் கட்டுவது? அலுமினியக் குழாய்களில் துணி மாட்டும் மடக்குக் கதிரை ஏறக்குறைய ஒரு கிலோ, முதுகுக்குச் சாய்வும் உண்டு. ஆயினும் துணி தொட்டில்போல் தொய்ந்து உடலை உள்ளே விழுங்குவதால், பக்கவாட்டில் திரும்ப முடியாது, எழும்பவும் இலகுவன்று. முக்காலிக்குச் சாய்வில்லை. ஆனால் மேடு பள்ளத்தில் மூன்று கால்களும் எப்போதும் நிலத்தைத் தொடும். நாலு காலுக்கு அந்த உறுதி இல்லை.

மார்ச் 2

கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது விடியவில்லை. 2009 இல் இந்த 396 மீற்றர்ப் பாலம் திறக்கப்படும்வரை ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறிக் கடந்த நாட்களை, உடன் வந்த நானா நினைவுபடுத்திக்கொண்டு வந்தார். “சேர், நீங்க ஒண்டும் கொண்டு வர வேணாம், இருக்கிறதுக்கு நான் வச்சிருக்கேன்” என்று முதல் நாளே சொல்லியிருந்தார். மீன்பெட்டியிலிருந்து அறுத்தெடுத்த தடித்த ரெஜிபோம் (நுரைப் பிளாஸ்ரிக்) துண்டு அது. எடையே இல்லை, ஈரம் ஏறவில்லை, இதமாகவும் இருந்தது. நாற்பது நிமிடத்தில் வலது கால் விறைக்கத் தொடங்க, இடுப்பை ஒரு விரலளவு நகர்த்தினேன். ரெஜிபோம் கீச்சிட்டது. முதலில் எழுந்தது பவளக்காலி என்னும் கரைப்பறவை. அது எப்போதும் முதலில்தான் எழும். அதன் கூச்சல் கேட்டுப் பச்சைக்காலிகளும், சேற்றோடு சேறாக நின்ற சிறு உள்ளான்களும் ஒரே வீச்சில் அக்கரைக்குப் போய்விட்டன. நெடுங்கால் உள்ளான் இரண்டு மட்டும் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்திக்கொண்டிருந்தன. அவை இங்கேயே இருப்பவை. மற்றவை ஏப்ரலில் வடக்கே போய்விடும்.

மார்ச் 4

நாரி பிடித்துவிட்டது.

மார்ச் 5

அதேதான்.

மார்ச் 8

படுத்திருப்பவனுக்கு நினைப்பதற்கு நேரம் மிகுதி. அப்பா தாரா வேட்டைக்குப் போன காலத்தில் எடுத்துச் சென்றது ஒரு சாக்கு மட்டுமே. நாலாக மடித்து, உள்ளே தேங்காய்த் தும்பு வைத்து, வாயைக் கோணி ஊசியால் தைத்திருந்தார். சாக்கு சத்தம் போடாது, பளபளக்காது, நனைந்தால் சேற்றின் நிறத்துக்கே வந்துவிடும். நைலோனுக்கு இந்த மூன்றில் ஒன்றேனும் உண்டா? அப்பாவின் துவக்கு வீட்டைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள். அதை நான் தேடியதும் இல்லை. ஆனால் வெளிச்சம் வரும்வரை அவர் அசையாமல் இருந்த அந்த இருப்பை இப்போது ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். அவருக்கு நாரி வலிக்கவில்லையா? ஒரு நாளும் கேட்கவில்லை.

மார்ச் 13

பௌர்ணமிப் போயா விடுமுறை. 20 லீற்றர்ப் பெயின்ற் வாளியை முற்றத்தில் கவிழ்த்து ஒரு மணித்தியாலம் இருந்தேன். உயரம் 37 சென்ரிமீற்றர். நாரி ஒன்றும் சொல்லவில்லை. கமராவை உள்ளே வைத்துச் சுமக்கலாம், மழைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வெள்ளை நிறம், கைபிடிக் கம்பி தட்டும் ஒலி, நகம் பட்டாலும் பறைபோல் அதிரும் வெற்று வயிறு. கைபிடிக்குச் சைக்கிள் ரியூப் சுற்றலாம்; அதிர்வை என்ன செய்வது?

மார்ச் 15

அத்தான் மடக்குக் கதிரையை வாங்கிவிட்டாராம். நான் முடிவு சொல்லவில்லையே. கோபம் வந்தது, அக்காவிடம் குரலை உயர்த்திவிட்டேன்.

மார்ச் 16

அக்காவை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். மாற்றித் தருவார்களாம். 900 கிராம், கறுப்புச் சாயம் பூசிய மங்கலான கால்கள், 36 சென்ரிமீற்றர் உயரம், வெல்குரோ இல்லாத முக்காலி என்று எழுதி அனுப்பினேன். வெல்குரோவைப் பிரிக்கும் ஒலி விடியற்காலையில் களப்பின் மறுகரைவரை கேட்கும் என்பதையும் சேர்த்தேன்.

மார்ச் 21

இரவெல்லாம் ஒரே கணக்கு. முக்காலிக் காலின் நுனி இரண்டரைச் சென்ரிமீற்றர் விட்டம் என்றால் பரப்பு ஏறக்குறைய ஐந்து சதுர சென்ரிமீற்றர். மூன்று காலுக்கும் பதினைந்து. என் 68 கிலோவும் அந்தப் பதினைந்தில் இறங்கினால், சதுர சென்ரிமீற்றருக்கு நாலரைக் கிலோ. மாரி வற்றிய களப்புக்கரையில் மேலே பொருக்கு, கீழே களி. முக்காலி முழங்கால்வரை இறங்கிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் ரென்னிஸ் பந்துகளில் துளையிட்டுக் கால்களில் செருகினால், ஒவ்வொன்றும் பாதிவரை புதைந்தபின் மூன்றுக்கும் சேர்த்து நூறு சதுர சென்ரிமீற்றர் கிடைக்கும். அழுத்தம் ஏழில் ஒன்றாகக் குறையும். அதுவும் போதுமோ என்னவோ. பலகை வைத்தால் அரைக் கிலோ கூடும், அது முடியாது.

மார்ச் 22

துணி. மூன்று கால் நுனிகளையும் இணைக்கும் முக்கோணத் துணி. மூலைகளில் பை தைத்து, காலை அதற்குள் விட்டுக் கட்டினால், துணி விறைப்பாக நின்று முழுப் பரப்பையும் சேற்றின்மேல் தாங்கும். ஏன் இது முன்னரே தோன்றவில்லை!

மார்ச் 24

பரணில் அப்பாவின் சாக்கைத் தேடினேன். இருந்தது. ஒரு பக்கம் எலி கடித்திருக்கிறது; மறுபக்கம் முக்கோணத்துக்குப் போதும். தையல்காரர் ஊசி உடையும் என்று தயங்கினார். இரட்டை நூலில் கையாலேயே தைக்கிறேன்.

மார்ச் 30

பச்சைக்காலிகள் குறைந்துவிட்டன என்று நானா சொல்கிறார்.

ஏப்ரல் 3

அக்காவும் அத்தானும் வந்து சேர்ந்தார்கள். அத்தானுக்கு 22 ஆந் திகதி திரும்ப வேண்டும், வான்கோழிக்காக. பெட்டியைத் திறந்ததும் முதலில் முக்காலியைத்தான் எடுத்தார். தராசில் 920 கிராம். விரித்தபோது மூட்டில் ஒரு மெல்லிய கிளிக். மூட்டுக்குள் மெழுகு தேய்த்தேன், நின்றுவிட்டது.

ஏப்ரல் 6

சாம்பல்தீவுப் பக்கம் பரீட்சை. சாக்கு முக்கோணம் நாலு விரல் இறங்கி நின்றது, அதற்குமேல் இறங்கவில்லை. ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிடம் அசையாமல் இருந்தேன். அத்தான் பக்கத்தில் நின்று, என் இடது முழங்கால் வில்லைக்குச் சரியான தாங்கியாக வருகிறதா என்று பார்த்து, இருக்கையின் கோணத்தை இருமுறை திருத்தினார். பவளக்காலி ஒன்று பதினைந்து அடிக்குள் வந்து, சேற்றில் அலகைச் செருகி, நண்டுக்குஞ்சு ஒன்றை இழுத்தெடுத்துக் கழுவித் தின்றது. அதன் கண்மட்டத்துக்கு நான் இன்னும் மேலேதான். எனினும் அது என்னைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 8

இரவு நாரியில் சூடு. வலி என்று சொல்ல முடியாது.

ஏப்ரல் 10

நாளை மறுநாள் உப்பாறு. நானா 4.45 க்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வலது கால் முடிச்சு தளர்ந்திருப்பதால் அதை அவிழ்த்து மறுபடி தைக்க வேண்டும்.