மகளின் ரைபிளுக்குச் சில்லறைச் சாமான்கள்

ஜூன் 3, பாளையங்கோட்டை
மகளுக்காகச் சொல்லிவைத்த பழைய ஏர் ரைபிள் வந்துவிட்டது. குழல் நன்றாக இருக்கிறது. முன்சைட்டில் போட்டு அதன் வழியே குறிபார்க்கும் வளையமும் கன்னம் வைக்கும் சீக் பீஸும்தான் இல்லை. ஆச்சி வாசலிலேயே மறித்தாள். "எங்கல, மணியாச்சிக்கா?" 1911இல் வாஞ்சிநாதன் அங்கே கலெக்டர் ஆஷைச் சுட்டது அவளுக்கு நேற்று நடந்த மாதிரி. 0.177 அங்குல அளவில், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று விளக்கினேன். "கோழிய கீழிய சுட்டுறாதல" என்று வழிவிட்டாள்.

ஜூன் 8
வண்ணார்பேட்டை லேத் பட்டறை. சீக் பீஸைத் தூக்கிப்பிடிக்க இரண்டு தண்டு. ஸ்டீல்தான் உழைக்கும் என்றார் அண்ணாச்சி. போட்டியில் ரைபிள் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. அதைவிட, தூக்கப்போவது பதினான்கு வயதுப் பிள்ளை. அலுமினியம் என்று முடிவானது.

ரைபிளின் காற்றுச் சிலிண்டர் வாயில் கசிவு. ஓ-ரிங் என்ற ரப்பர் வாஷரை மாற்றும்போது அண்ணாச்சி பைக் கிரீஸை எடுக்க, கையைப் பிடித்துவிட்டேன். 200 பார் அழுத்தக் காற்றில் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கலாம். சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான்.

ஜூன் 11
குற்றாலத்தில் சாரலாம். இங்கே வெறும் காற்று. கொரியர் வரவில்லை.

ஜூன் 15
வளையங்கள் வந்தன: 3.2, 3.6, 4.0 மி.மீ. வளையம் இறுக்கமாக இருந்தால் குறி பிசகாது என்று நம்பி 3.2ஐத்தான் முதலில் மாட்டினேன். பத்து மீட்டர் தூரத்துக் குறி அட்டையில் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. முன்சைட் கண்ணிலிருந்து ஒரு மீட்டர் என்றால், அந்த இடத்தில் கறுப்பு ஏறக்குறைய 3 மி.மீ. அளவுக்குத் தெரியும். 3.2இல் சுற்றிலும் நூலளவு வெள்ளைதான். துளி அசைந்தாலும் வெள்ளை ஒரு பக்கம் மறைந்துவிட, மகள் அதைத் துரத்திக்கொண்டே மூச்சைப் பிடித்து நின்றாள். கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் சுட்டாள். 4.0 போட்டதும் கறுப்பு நடுவில் சும்மா மிதந்தது. "எப்பா, இதுல கண்ணு வலிக்கல." ஐந்து குண்டும் ஒன்றை ஒன்று தொட்டன. நான் கணக்குப் போட்டது வட்டத்துக்கு; அவள் கண்ணுக்கு இல்லை.

3.6ஐ அவள் தொடவே இல்லை.

ஜூன் 16
ரைபிளை அசையாமல் வைஸில் கட்டிப் பெல்லட் (ஈயக் குண்டு) சோதனை. 4.49 மி.மீ. குண்டு சிதறியது, 4.50 ஒரே ஓட்டை. வாங்கும்போதே இரண்டிலும் ஒவ்வொரு டப்பா எடுத்திருக்கலாம். 4.49இல் மூன்று டப்பா கிடக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாராம்.