தாகமாய் இருக்கிறது

தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் 14 ஆண்டுகளாக டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். எங்கள் நாள் எடைக்கருவியில்தான் தொடங்குகிறது. நோயாளி ஏறி நிற்பார். அவருக்கு மருத்துவர் குறித்துவைத்திருக்கும் ‘ட்ரை வெயிட்’டைவிட, அதாவது உடம்பில் மிகையான நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையைவிட, எத்தனை கிலோ கூடியிருக்கிறது என்று பார்ப்போம். சிறுநீரகம் நின்றுபோனவரின் உடம்பில் இரண்டு சிகிச்சைகளுக்கு இடையே கூடும் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ. ஆகவே, அவர் மூன்று நாட்களாக என்ன குடித்தார் என்பதை அவர் வாய் திறப்பதற்கு முன்பே எடைக்கருவி சொல்லிவிடும்.

சிறுநீர் அறவே பிரியாதவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரையொட்டித்தான் நீர் அனுமதிக்கப்படுகிறது. காபி, மோர், குழம்பு எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். அதே நோயாளியின் இரத்தத்தைச் சுத்தம் செய்ய, நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் இயந்திரத்தின் வழியே ஓடி வடிகாலுக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி பல கட்டங்களில் வடிகட்டிய தூய நீர். அந்த நீரோட்டத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு வறண்ட உதடுகளை நாவால் நனைத்துக்கொள்பவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். பல ஆண்டுகள் அதைப் பார்த்தும் அதன் பொருள் எனக்குப் புலப்படவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஈஸ்டருக்கு முந்தைய நாளான ஒரு புனித சனிக்கிழமை. புதனும் சனியும் சிகிச்சைக்கு வரும் ஒரு வயதான அம்மா 4 கிலோவுக்கு மேல் எடை கூடி வந்திருந்தார். வழக்கமாக அவருக்கு இரண்டு கிலோவைத் தாண்டாது. அன்று ஆள் குறைவு. நான் விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தேன். மற்ற நோயாளிகள் கேட்கும்படி, “எத்தனை தடவை சொல்வது, உங்கள் உயிர்மீது உங்களுக்கே அக்கறை இல்லையா?” என்று கடிந்தேன். அவர் மெல்லிய குரலில் சொன்னார்: “பெரிய வெள்ளிக்கு கோயில்ல கஞ்சி குடுத்தாவ ய்யா. சாமி கஞ்சிய வேண்டாம்னு எப்பிடிச் சொல்லுவேன்? குடிச்ச பொறவு தாகம் அடங்கல.” கஞ்சியிலும் துவையலிலும் இருந்த உப்பு அந்தத் தாகத்தைத் தூண்டியிருக்கும், உப்பு உள்ளே போனால் உடம்பு தண்ணீர் கேட்கும். அதை நன்றாக அறிந்திருந்தும், நான் பதில் பேசாமல் ஊசியை எடுத்தேன்.

நான்கு மணி நேரத்தில் அவ்வளவு நீரை இழுத்தால் உடல் தாங்காது. மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைத்தே வைத்தோம். அப்படியும் மூன்றாவது மணி நேரத்தில் இரத்த அழுத்தம் இறங்கி அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நீர் எடுப்பதை நிறுத்தி, கொஞ்சம் சலைன் ஏற்றி, அவருடைய பாதத்தைக் கையில் ஏந்தி விரல்களை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தேன். வெடிப்பு விழுந்த, வீங்கிய பாதம். வலி தணியும்வரை பிடித்திருந்தேன். ஆனால் மனத்துக்குள் சலிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

அன்றிரவு பாஸ்கா திருவிழிப்பு என்னும் ஈஸ்டர் இரவு வழிபாட்டுக்கு முன்கூட்டியே போய், விளக்கேற்றாத கோயிலில் உட்கார்ந்து, அன்றைய நாளைக் கடவுள்முன் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனை செய்தேன். இயேசு சபைக் குரு ஒருவர் நடத்திய தியானத்தில் கற்ற பழக்கம் அது. 1521-இல் பம்ப்லோனா போரில் காலில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது மனம் மாறியவரும் அந்தச் சபையை நிறுவியவருமான புனித இஞ்ஞாசியார், பின்னர் எழுதிய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்ற நூலில் அதற்கு ஐந்து படிகளைத் தருகிறார்: நன்றி கூறுதல், பாவத்தை அறியும் அருளைக் கேட்டல், கணக்குப் பார்த்தல், மன்னிப்பு வேண்டல், திருந்தத் தீர்மானித்தல். மூன்றாவது படியை எழுந்த நேரம் முதல் மணிக்கு மணி பார்க்கச் சொல்கிறார். முதலில் எண்ணம், பிறகு சொல், பிறகு செயல். ஷிப்ட் வேலை பார்ப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான செபமுறையை நான் அறியேன். கேஸ் ஷீட்டில் மணிக்கு மணி அழுத்தம் குறிப்பதுபோலவே அது இருக்கிறது.

அப்படி நகர்ந்து மூன்றாவது மணி நேரத்துக்கு வந்தபோது மனம் நின்றுவிட்டது. இரண்டு நாள் முன்பு, இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் புனித வியாழன் வழிபாட்டில், பன்னிருவரில் ஒருவனாக நான் உட்கார்ந்திருக்க, பங்குத்தந்தை மண்டியிட்டு என் பாதத்தைக் கழுவித் துடைத்திருந்தார். அப்போது கண் கலங்கியவன் நான். வெள்ளிக்கிழமை யோவான் எழுதிய பாடுகளின் வரலாற்றில் “தாகமாய் இருக்கிறது” என்று சிலுவையில் ஆண்டவர் சொல்வதைக் கேட்டு முழந்தாளிட்டவனும் நான். சனிக்கிழமை அதே சொல்லை ஓர் அம்மாவின் வாயிலிருந்து கேட்டபோது அது எனக்கு விதிமீறலாகத் தெரிந்தது. அவருக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது என்பது உண்மை. கொடுத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆனால் தாகத்தைக் குற்றமாக்க எனக்கு யார் உரிமை தந்தார்கள்? நள்ளிரவை நெருங்கும் வேளையில், திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்தபின் குரு தெளித்த நீர் முகத்தில் விழுந்தது. துடைக்க மனம் வரவில்லை.

அன்னை தெரேசாவின் சகோதரிகளுடைய சிற்றாலயங்களில், சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவமான பாடுபட்ட சுரூபத்தின் அருகே “தாகமாய் இருக்கிறது” என்ற சொற்களை எழுதிவைப்பது வழக்கம். அது செபிப்பதற்கான வாசகம் என்றே நினைத்திருந்தேன். வேலை செய்வதற்கான வாசகமும்கூட என்று இப்போது நினைக்கிறேன். துன்பம் நல்லது, தாகத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள் என்று நோயாளியிடம் உபதேசிப்பதை நான் ஏற்பதில்லை. அது படுத்திருப்பவர் தாமாகச் சொல்ல வேண்டிய செபம், நின்றுகொண்டிருப்பவன் சொல்லித்தரக் கூடாது. படைப்புகள் அனைத்திலும் இறைவன் எனக்காக உழைக்கிறார் என்று அதே பயிற்சிகளின் இறுதித் தியானத்தில் இஞ்ஞாசியார் எழுதுகிறார். எனக்கு அந்த உழைப்பு, விடாமல் சுழலும் இரத்தப் பம்ப்பிலும், நோயாளிக்கு உப்பில்லாமல் சமைத்துத் தானும் அதையே சாப்பிடும் மகளிலும் தெரிகிறது.

அடுத்த புதன்கிழமை அந்த அம்மாவிடம் மற்றவர்கள் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். “நீங்க என் நல்லதுக்குத்தான சொன்னிய” என்று அவர் அதை இலகுவாக விட்டுவிட்டார். எனக்குத்தான் இலகுவாக இல்லை. மருத்துவரின் ஒப்புதலோடு, பிரிவின் குளிர்பெட்டியில் சிறிய பனிக்கட்டிகளை அளந்து வைக்கிறோம்; ஒரு மிடறு நீரைவிட வாயில் கரையும் ஒரு கட்டி நெடுநேரம் தாங்கும், அதையும் கணக்கில் குறித்துக்கொள்கிறோம். எடைக்கருவியில் ஏறச் சொல்வதற்கு முன், “தாகம் ரொம்ப இருந்துச்சா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். சிலர் இல்லை என்பார்கள். அந்த அம்மா மட்டும், “இருந்துச்சு ய்யா” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, கருவியின்மேல் ஏறுவார்.