கவிஞர்கள் கைப்பற்றிய தபால் நிலையம்: டப்ளினில் சுற்றியது

டப்ளினுக்குப் போகிறவர்கள் பீர் ஆலையைப் பார்ப்பார்கள், ட்ரினிட்டி கல்லூரியின் பழைய நூலகத்தைப் பார்ப்பார்கள், சாயங்காலம் டெம்பிள் பார் பக்கம் போய்ப் பாட்டுக் கேட்பார்கள். நானும் அதெல்லாம் செய்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஊருக்கு என்னை இழுத்தது ஒரு தபால் நிலையம். ஓ'கானல் தெருவில் பெரிய பெரிய தூண்களோடு நிற்கும் ஜெனரல் போஸ்ட் ஆபீஸ். தூண்களில் துப்பாக்கிக் குண்டு பட்ட தழும்புகள் இருக்கின்றன. சிலதில் விரல் நுனி சரியாக உள்ளே போகும். நான் போன நேரத்தில் உள்ளே ஒரு பாட்டி பார்சலுக்கு ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்று நானும் ஒரு தபால் அட்டை போட்டேன்.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்து இந்தக் கட்டடத்தைக் கைப்பற்றிய கிளர்ச்சிக்காரர்களின் தலைவர் பேட்ரிக் பியர்ஸ் வாசலில் நின்று அயர்லாந்து குடியரசாகிவிட்டது என்று ஒரு பிரகடனத்தை வாசித்தார். அதில் ஏழு பேர் பெயர் இருக்கிறது. அந்த ஏழு பேரில் பியர்ஸ், தாமஸ் மக்டோனா, ஜோசப் பிளங்கெட் மூன்று பேரும் கவிஞர்கள்; மக்டோனா கல்லூரியில் இலக்கியம் நடத்தியவர். அச்சு எழுத்துகள் போதாமல் பிரகடனத்தை இரண்டு பாதியாக அச்சடித்திருக்கிறார்கள். அசல் பிரதியைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஒரே எழுத்து வேறு வேறு உருவத்தில் வருவது தெரியும். ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, சனிக்கிழமையே சரணடைந்துவிட்டார்கள். செத்தவர்கள் 485 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அதில் பாதிக்கு மேல் சும்மா தெருவில் போன, வீட்டில் இருந்த பொதுஜனம். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு நாடகத்துக்குத் தேவைப்படும்.

தபால் நிலையத்தில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. கூஹுலின் என்ற புராண வீரன், சாகும்போதும் நின்றபடியே சாக வேண்டும் என்று தன்னை ஒரு கல்லோடு கட்டிக்கொண்டிருக்கிறான், தோளில் காக்கை. இது 1916-க்கு முன்பே செய்த சிலை, 1935-இல்தான் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பழங்கதைகளைத் தோண்டியெடுத்து, மேடையில் ஏற்றி, நமக்கென்று ஒரு பழைய பெருமை இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னவர்கள் யேட்ஸ், லேடி கிரிகரி மாதிரியான எழுத்தாளர்கள்தான். இருவரும் சேர்ந்து எழுதிய ஒரு சின்ன நாடகம் 1902-இல் டப்ளினில் அரங்கேறியது. மறுநாள் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு கிழவி வந்து, என் நான்கு பசுமையான வயல்களைப் பறித்துவிட்டார்கள் என்கிறாள். மாப்பிள்ளைப் பையன் கல்யாணத்தை விட்டுவிட்டு 1798 கிளர்ச்சிக்குப் போய்விடுகிறான். கிழவி குமரியாகி ராணி நடை நடந்து போகிறாள். அயர்லாந்துதான் அந்தக் கிழவி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. என் நாடகம்தான் அந்தப் பிள்ளைகளைத் துப்பாக்கி முனைக்கு அனுப்பியதா என்று யேட்ஸ் தன் கடைசிக் காலத்துக் கவிதை ஒன்றில் தன்னையே கேட்டுக்கொள்கிறார். கொஞ்சம் தற்பெருமைதான், ஆனாலும் நியாயமான கேள்வி.

அப்புறம் கில்மெய்னம் சிறை. 1916 மே 3 முதல் 12 வரை, சரணடைந்த கிளர்ச்சிக்காரர்களில் 14 பேரை ஆங்கிலேயர் இங்கே சுட்டார்கள். கல் உடைக்கும் முற்றம், சுற்றிலும் உயரமான சாம்பல் நிறச் சுவர், ஒவ்வொரு கோடியிலும் ஒரு கறுப்புச் சிலுவை. ஒன்று கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கானலிக்கு மட்டும்: காயம்பட்டு நிற்க முடியாதவரை நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்கள். கூட வந்த கூட்டம் அந்த இடத்தில்தான் போன்களை உள்ளே வைத்தது.

எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் கதை பிளங்கெட்டுடையது. மே 3 இரவு சிறைக் கோயிலில் கிரேஸ் கிஃபர்டைக் கல்யாணம் செய்துகொண்டார், விடிந்தால் சாவு. பாட்டே இருக்கிறது இதற்கு. எங்கள் வழிகாட்டி மேலும் ஒரு அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே சுவரில் கிரேஸ் வரைந்த மாதா படம், குழந்தையோடு. அதை அவர் வரைந்தது 1923-இல், உள்நாட்டுப் போரின்போது. அந்தத் தடவை அவரைப் பிடித்து உள்ளே போட்டது ஆங்கிலேயர் இல்லை, புது ஐரிஷ் அரசு. இதைக் கேட்டுவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தபோது, கல்யாணக் கதை எனக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது.

ஊருக்குள் திரும்பி அபே நாடக அரங்கம். யேட்ஸும் லேடி கிரிகரியும் சேர்ந்து 1904-இல் தொடங்கியது. பழைய கட்டடம் 1951-இல் தீயில் போய்விட்டது, இப்போது நிற்பது 1966-இல் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ அரசு அலுவலகம் போல இருக்கும். 1926 பிப்ரவரியில் இங்கே ஷான் ஓகேஸியின் ‘கலப்பையும் நட்சத்திரங்களும்’ வந்தது. ஓகேஸி ஏழைத் தொழிலாளி, கிளர்ச்சிக்கு முன் கானலியின் தொழிலாளர் படைக்குச் செயலாளராக இருந்து சண்டை போட்டு வெளியேறியவர். ஈஸ்டர் கிளர்ச்சி நடந்து பத்து வருஷம்தான் ஆகியிருக்கிறது. நாடகத்தில் தியாகிகள் யாரும் இல்லை. இரண்டாம் அங்கம் சாராயக்கடை. ஜன்னலுக்கு வெளியே ஒரு நிழலுருவம் ரத்தம் சிந்துவது புனிதம் என்று முழங்குகிறது. அவை பியர்ஸின் சொற்கள். உள்ளே ஒரு விலைமாது இன்றைக்கு வியாபாரமே இல்லை என்று புலம்புகிறாள், கிளர்ச்சிக்காரர்கள் கொடிகளோடு உள்ளே வந்து கிளாஸ் கேட்கிறார்கள். பிறகு கிளர்ச்சி வெடித்ததும் சேரிக்காரர்கள் கடைகளைக் கொள்ளையடிக்கிறார்கள். கடைசியில் சாவது பெஸ்ஸி என்ற வாயாடிப் பெண், ராஜ விசுவாசி. புத்தி பேதலித்த பக்கத்து வீட்டுக்காரியை ஜன்னலிலிருந்து இழுக்கும்போது குண்டு பாய்கிறது.

நான்காம் நாள் கலவரம். செத்தவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் அரங்கத்தில் எழுந்து கத்தினார்கள், ஆட்கள் மேடையேறினார்கள், மறுபடியும் உங்களை நீங்களே கேவலப்படுத்திக்கொண்டீர்கள் என்று யேட்ஸ் மேடையிலிருந்து சத்தம் போட்டார். மறுபடியும் என்றது 1907-இல் ஜே. எம். சிங் என்ற ஐரிஷ் நாடகாசிரியரின் நாடகத்துக்கு இதே அரங்கத்தில் நடந்த ரகளையை.

பொதுவாக இந்தக் கதையில் கலவரம் செய்தவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அப்படி முடியவில்லை. எதிர்ப்பை முன்னின்று நடத்திய ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனின் கணவர் ஃபிரான்சிஸ் ஆயுதமே தொடாதவர். கிளர்ச்சியின்போது கொள்ளையைத் தடுக்க ஆள் திரட்டப் போனவரை ராணுவம் பிடித்து, விசாரணை இல்லாமல் சுட்டது. அந்தக் கொள்ளைதான் மேடையில் சிரிப்புக் காட்சி. அந்த அம்மாள் தடையும் கேட்கவில்லை. தேசிய அரங்கம் என்று பெயர் வைத்து அரசுப் பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்யலாமா என்பதுதான் அவர் வாதம். 1925-இலிருந்து அபேவுக்கு அரசு மானியம் வந்துகொண்டிருந்தது. இருந்தும், இரண்டில் ஒன்று சொல் என்றால் நான் ஓகேஸி பக்கம். பாதிக்கு மேல் செத்தது பொதுஜனம் என்றால் அவர்களுக்கும் ஒரு நாடகம் வேண்டாமா?

ஹன்னாவைப் பற்றிப் படித்துக்கொண்டு போனபோது நேராக அடையாற்றில் வந்து நின்றேன். 1908-இல் பெண்கள் வாக்குரிமைக்காக அவர் ஓர் அமைப்பைத் தொடங்கியபோது கூட இருந்தவர் மார்கரெட் கசின்ஸ். அவர் கணவர் ஜேம்ஸ் கசின்ஸ் யேட்ஸ் வட்டத்துக் கவிஞர், நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸுக்கு 1904-இல் சில நாள் வீட்டில் இடம் கொடுத்தவர் (பின்னால் ஜாய்ஸ் அவரைக் கிண்டலடித்து எழுதினார், அது ஜாய்ஸ் குணம்). 1915-இல் இருவரும் சென்னைக்கு வந்து, அன்னி பெசன்டின் ‘நியூ இந்தியா’ பத்திரிகையில் ஜேம்ஸ் கசின்ஸ் வேலை பார்த்தார். ஈஸ்டர் கிளர்ச்சியைப் புகழ்ந்து அதில் எழுதினார், வேலை போயிற்று. 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் மார்கரெட்டும் ஒருவர்.

டப்ளினில் இன்று பியர்ஸ் பெயரில் ஒரு ரயில் நிலையம், கானலி பெயரில் ஒன்று. எழுத்தாளர்களுக்குச் சிலைக்குப் பஞ்சமே இல்லை. அந்தச் சிலைகளைப் பார்த்து ஏமாறக்கூடாது: 1929-இல் தணிக்கைச் சட்டம் போட்ட நாடு இது, எட்னா ஓ'பிரையனின் முதல் நாவலை 1960-இல் தடை செய்தது. 2015-இல் அதே நாட்டின் குடியரசுத் தலைவர், அவரும் ஒரு கவிஞர், ஓ'பிரையனுக்கு உயரிய கலை விருதை அணிவித்தார்.

போகிறவர்களுக்கு: கில்மெய்னத்துக்கு வழிகாட்டியோடுதான் விடுவார்கள், முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்யாவிட்டால் கிடைப்பது கஷ்டம். அபேயில் என்ன நாடகம் ஓடுகிறது என்று பார்த்து அதற்கும் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். ஓகேஸி என்றால் விடாதீர்கள்.